எஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து: எதில் ஊற்றுகிறோம் என்பதே கேள்வி

காரை எண்ணெய் மாற்றப் பட்டறையில் விட்டால், பானெட்டைத் திறந்த கையோடு ஒரு கேள்வி வரும். "அண்ணே, எஞ்சின் ஃபிளஷ் போட்டுடலாமா? முப்பது வெள்ளிதான்." பெட்ரோல் நிலையத்தில் பணம் கட்டும் இடத்திலும் அதே வகைப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஊற்றினால் எஞ்சின் புதிதாகிவிடும், பெட்ரோல் மிச்சமாகும், 'பிக்கப்' கூடும் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள்.

இதை நம்பி மாதந்தோறும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினைக் கெடுத்துவிடும் என்று கையால் தொடாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஏனென்றால், எஞ்சின் கிளீனர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று பெட்ரோல் தொட்டியில் ஊற்றுவது. மற்றொன்று எஞ்சினுக்குள் ஓடும் கறுப்பு எண்ணெயில் ஊற்றுவது. நம் பேச்சிலோ பெட்ரோல் போடுவதும் 'எண்ணெய் போடுவது'தான், சர்வீஸ் செய்வதும் 'எண்ணெய் மாற்றுவது'தான். இந்தக் குழப்பத்தில் எதை எதற்காக வாங்குகிறோம் என்பதே தெரியாமல் போகிறது.

பேருந்து வராத தோட்டத்திலிருந்து வேலைக்குப் போகும் குடும்பத்துக்குக் கார் ஓடாவிட்டால் சம்பளமும் ஓடாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், எஞ்சினைப் பிரித்துச் செய்யும் செலவு ஒரு மாத வருமானத்தைத் தாண்டிவிடலாம். அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டியில் ஊற்றும் மருந்து

பெட்ரோல் எரியும்போது இன்ஜெக்டர் நுனியிலும், உள்ளிழுக்கும் வால்வின் முதுகிலும், பிஸ்டனின் தலையிலும் கரி படியும். கரி அதிகமானால் பெட்ரோல் சீராகத் தெளிக்காது. நின்ற இடத்தில் எஞ்சின் உதறும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

இந்தக் கரியைக் கரைக்கக்கூடிய மருந்துகள் உண்மையிலேயே உண்டு. அவற்றுள் நல்ல பெயர் எடுத்தது பாலிஈதர் அமீன். சுருக்கமாக பிஇஏ என்பார்கள். எஞ்சினின் சூட்டைத் தாங்கி, கரியைப் பிடித்து இழுத்து, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியே போய்விடும். எனவே தொட்டியில் ஊற்றும் மருந்து எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது.

ஆனால், கடையில் தனியாக விற்கும் அந்த மருந்தின் உறவுக்காரர்கள் நாம் போடும் பெட்ரோலிலேயே இருக்கிறார்கள். கால்டெக்ஸ் விளம்பரங்களில் வரும் டெக்ரான் அப்படிப்பட்ட ஒரு துப்புரவு மருந்துதான். மற்ற நிறுவனங்களும் தங்கள் பெட்ரோலில் தங்கள் தயாரிப்பைக் கலக்கின்றன. அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் இத்தகைய மருந்து கலப்பது கட்டாயம். அங்குள்ள வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் ஒரு சோதனை நடத்தியது. குறைந்த அளவு மருந்து கலந்த பெட்ரோல், தரம் கூடிய பெட்ரோலைவிடச் சராசரியாக 19 மடங்கு கரியை விட்டுச் சென்றதாக அதில் தெரிந்தது. அன்றாடம் போடும் பெட்ரோலில் உள்ள மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று.

ஆகவே நல்ல நிலையத்தில் தவறாமல் பெட்ரோல் போட்டு, ஓட்டத்தில் குறையில்லாத காருக்குத் தனிப் போத்தல் அவசியமில்லை. வண்டி பழையது, ஓட்டம் குறைவு, நின்ற இடத்தில் லேசாக உதறுகிறது என்றால், பிஇஏ உள்ள போத்தல் ஒன்றை எண்ணெய் மாற்றுவதற்குச் சற்று முன் ஊற்றிப் பார்க்கலாம். மருந்தில் கொஞ்சம் கறுப்பு எண்ணெயில் கலக்கும் என்பதால்தான் இந்த நேரக் கணக்கு. அட்டையில் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாகச் சுத்தமாகாது.

'மாதம் ஒரு தரம் ரோன்97 போட்டால் எஞ்சின் சுத்தமாகிவிடும்' என்பதும் நம்மிடையே உலவும் பேச்சு. 95, 97 என்ற எண்கள், எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுபவை. துப்புரவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 95-க்கென்று செய்யப்பட்ட வண்டிக்கு 95 போதும்.

புதிய எஞ்சின்களில் ஒரு சிக்கல்

மைவி, சாகா போன்ற கார்களில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுகிறது. அது வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகிறது. எனவே பெட்ரோலில் உள்ள மருந்து வால்வையும் எட்டுகிறது.

புரோட்டோன் எக்ஸ்70, டிஜிடிஐ எஞ்சின் உள்ள எக்ஸ்50, ஹோண்டா சிவிக் 1.5 டர்போ போன்றவை நேரடியாக எஞ்சின் அறைக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிப்பவை. பழைய முறையில் 3, 4 பார் அழுத்தம் போதும். இவற்றில் அது நூற்றுக்கணக்கான பார் வரை போகும். இதனால் சக்தியும் சிக்கனமும் கூடுகின்றன. ஆனால் பெட்ரோல் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. அங்கே படியும் எண்ணெய்க் கரியைத் தொட்டியில் ஊற்றும் எந்த மருந்தாலும் கழுவ முடியாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து அதைச் சுரண்டுவதுதான் பட்டறைகளில் நம்பகமான முறை. இத்தகைய எஞ்சின் வைத்திருப்பவரிடம், 'தொட்டியில் ஊற்றுங்கள், வால்வு பளபளவென்றாகும்' என்று விற்றால் அது பொய். இன்ஜெக்டர் நுனிக்கு மட்டும் அது உதவும்.

கறுப்பு எண்ணெயில் ஊற்றும் ஃபிளஷ்

பட்டறையில் கேட்கப்படும் அந்த முப்பது வெள்ளிப் போத்தல் பெரும்பாலும் இந்த வகைதான். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களால் ஆனது. பழைய எண்ணெயில் ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் விடுவார்கள். சில இடங்களில் போத்தலுக்குப் பதில் டீசலையே ஊற்றிவிடுகிறார்கள்.

எண்ணெய் கறுத்துப் போவதை நாம் நோய் என்று நினைக்கிறோம். உண்மையில் அது எண்ணெய் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். நல்ல எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கழுவும் மருந்தும், கழுவியதைக் கட்டிபடாமல் தாங்கி நிற்கும் மருந்தும் ஏற்கெனவே உண்டு. வடிக்கும்போது அழுக்கும் சேர்ந்து வெளியேறுகிறது. நேரத்துக்கு எண்ணெய் மாற்றும் எஞ்சினில் ஃபிளஷ் கழுவ வேண்டியது ஒன்றுமில்லை.

பல ஆண்டுகள் எண்ணெய் மாற்றாமல் ஓடி, உள்ளே தார் போல் கசடு கட்டிப்போன எஞ்சினில்தான் கழுவ நிறைய இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். கரைப்பான் அந்தக் கசடைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துவிடும். அது எண்ணெய்த் தட்டின் அடியில் உள்ள வலைக் குழாயில் போய் அடைத்தால், பம்ப் எண்ணெயை இழுக்க முடியாது. எண்ணெய் ஏறாத எஞ்சின் சில நிமிடங்களில் கடித்துக்கொள்ளும். ஓடும் நேரத்தில் கரைப்பான் எண்ணெயை நீர்க்கச் செய்வதால் தாங்கிகளின் பாதுகாப்பும் குறைகிறது. முழுவதும் வடியாமல் தங்கும் மிச்சம் புதிய எண்ணெயிலும் கலக்கிறது.

அதாவது, தேவைப்படாத எஞ்சினுக்கு அது வீண் செலவு. தேவைப்படும் எஞ்சினுக்கு அது சூதாட்டம். கசடு கட்டிய எஞ்சினுக்குப் பாதுகாப்பான வழி பொறுமைதான். நல்ல எண்ணெயும் புதிய ஃபில்டரும் போட்டு, வழக்கமான தூரத்தில் பாதி ஓடியதும் மாற்றி, இதையே இரண்டு மூன்று முறை செய்தால் கசடு சிறிது சிறிதாகக் கரைந்து வரும். கசடு மிக அதிகம் என்றால் எண்ணெய்த் தட்டைக் கழற்றி வலையைப் பார்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

புதிய எண்ணெயோடு கலந்து நிரந்தரமாக விட்டுவைக்கும் 'தேய்மானம் தடுக்கும்' மருந்துகளும் உண்டு. அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற புகழ்பெற்ற மருந்தின் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 1996-இல் குற்றம் சாட்டியது. ஆதாரமின்றி அப்படி விளம்பரம் செய்வதில்லை என்று 1997-இல் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு வந்தது. டர்போ எஞ்சின்களுக்கான இன்றைய எண்ணெய்கள் மிக நுணுக்கமான அளவில் கலக்கப்படுபவை. அதில் தெரியாத ஒன்றைக் கலந்தால் அந்த அளவு குலையும்.

மோட்டார் சைக்கிளும் டீசல் வண்டியும்

காரைவிடக் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு இது இன்னும் முக்கியம். காரில் கிளட்ச் தனியாக இருக்கிறது. கப்சாயில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. வழுக்கலைக் கூட்டும் மருந்தை ஊற்றினால் கிளட்சும் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் எண்ணெய்ப் போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறியீட்டைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். கார் எண்ணெய் மருந்து எதையும் அதில் கலக்கக்கூடாது.

டீசல் பிக்கப், லோரி வைத்திருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 2019 முதல் நம் நிலையங்களில் வந்த பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது. அது ஈரத்தை எளிதில் ஈர்க்கும். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் தண்ணீர் தங்கிக் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். இதற்கு மருந்தைத் தேடுவதைவிட, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை வடிப்பதும் உரிய காலத்தில் மாற்றுவதும் மேல். சுத்தமாகும் என்று டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது கூடவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஓடும் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலின் வழுவழுப்புதான் காப்பு. மண்ணெண்ணெய் அதைக் குறைத்துவிடும்.

போத்தல் வாங்கும் முன்

முதலில், என்ன குறைக்காக இதை வாங்குகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதறலுக்குப் பிளக், காயில், காற்று ஃபில்டர், அழுக்கடைந்த திராட்டல் பாடி, தேய்ந்த எஞ்சின் மவுன்டிங் என்று பல காரணங்கள் உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். தேய்ந்த இரும்பை எந்த மருந்தும் வளர்க்காது.

அடுத்து, வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதம் என்று அதில் இருக்கும். இரண்டில் முதலில் வருவதே கணக்கு. தோட்டத்திலிருந்து பக்கத்துப் பட்டணம் வரை மட்டும் ஓடும் கார் கிலோமீட்டர் சேர்க்காது, ஆனால் எண்ணெய்க்கு வயதாகிறது. எஞ்சின் சூடேறும் முன் நிறுத்தும் குறுகிய ஓட்டமும், நெரிசலில் ஊர்வதும் கடுமையான பயன்பாடு. உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால், கையேடு அனுமதிக்காத எதையும் ஊற்றாதீர்கள்.

பட்டறையில் ஃபிளஷ் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்காமலேயே ஊற்றிவிட்டுப் பில்லில் சேர்த்தால், பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பொருளின் பெயர் எழுதிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதனால் எஞ்சின் பழுதானால், பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். பில் இல்லாமல் போனால் வழக்கு வலுவிழக்கும்.

மூன்று போத்தல் வாங்கும் பணத்தில் பல சிறிய கார்களுக்கு நல்ல எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிவிடலாம். கையில் இருப்பது ஒரு செலவுக்கு மட்டுமே போதும் என்றால், அதை எண்ணெய் மாற்றுவதற்கே செலவிடுங்கள்.