அப்பா கேட்ட இரண்டாவது சாப்பாடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் சொதி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி வைத்தால் கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருந்தாக வேண்டும். தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் இஞ்சி. அப்பா இரண்டு தடவை சோறு வாங்கி, மோர் ஊற்றி முடித்து, கை கழுவிவிட்டு ஈஸிசேரில் போய்ச் சாய்ந்தார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

“ஏட்டி, சோறு எடுத்து வைக்கலியா? பசிக்கு.”

“இப்பத்தானப்பா சாப்ட்டிய.”

“நானா? காலைல தின்ன ரெண்டு இட்லியோட உக்காந்திருக்கேன்.”

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. முகம் வாடியிருந்தது, உண்மையாகவே பசித்திருந்தது. நான் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், எந்த நேரத்துக்கு எது என்று தினம் பேசுகிறவள். வயிறு நிறைந்த மனிதருக்கு எப்படிப் பசிக்கும் என்பதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் ஒரு பழைய ஆராய்ச்சியில் இருந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் பால் ரோசினும் கூட்டாளிகளும் 1998-இல் வெளியிட்டது. மூளை பாதித்துப் புது நினைவே தங்காத இரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டார்கள். தட்டை எடுத்துவிட்டு, பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இன்னொரு சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதாக வைத்தபோதும் கை நீட்டினார்கள். நினைவு சரியாக இருந்தவர்களோ இரண்டாவது தட்டையே வேண்டாம் என்றார்கள்.

“போதும்” என்ற உணர்வு வயிற்றிலிருந்து மட்டும் வருவதாகத்தான் நானும் படித்திருந்தேன். சற்று முன் சாப்பிட்டோம் என்ற நினைவும் சேர்ந்தே அதைச் சொல்கிறது. இந்தக் கணக்கை நாம் உட்கார்ந்து போடுவதில்லை. நமக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிறது. நான் ஆழ்மனம் என்று சொல்வது இதைத்தான். நினைப்பாலேயே நோயைக் கரைக்கலாம் என்று ஆழ்மனத்தின் பெயரால் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சோடு இதைச் சேர்க்க வேண்டாம்.

அப்பாவின் மறதி நமக்கு இல்லை. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது சாப்பாடு மனசில் பதிவதே இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சுசான் ஹிக்ஸ் இதைச் சோதித்தார். அன்றைய மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்த்து எழுதியவர்கள், பிறகு வைத்த பிஸ்கட்டைக் குறைவாகத் தின்றார்கள். டிவி பார்த்தபடி மத்தியானம் சாப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு கூடுதலாகத் தின்றார்கள். என்னிடம் வரும் சர்க்கரைக்காரர்களிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, “நேத்து மத்தியானம் என்ன காய்?” சொல்லத் தெரியாமல் முழிப்பவர்கள்தான் அதிகம்.

உடம்பு பழகிக்கொள்ளும் விதமும் அப்படித்தான். சாப்பாட்டைக் கண்டதுமே, ஏன், சாப்பாடு கொண்டுவருபவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதை ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் கவனித்தார். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசும் வாங்கினார். நாலு மணிக்கு டீக்கடைப் பக்கம் வடை வாசம் வந்ததும் நமக்குள்ளும் எச்சிலும் இரைப்பை நீரும் சுரந்துவிடுகின்றன. கொஞ்சம் இன்சுலின்கூடச் சுரக்கும். வடையை வாயில் வைக்கும் முன்பே உடம்பு இலை போட்டு உட்கார்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தோற்றுப்போகிறவரை மனஉறுதி இல்லாதவர் என்று திட்டுவதை நான் விட்டுவிட்டேன். அந்த வழியாக நடக்காமல் வேறு தெருவில் வீட்டுக்குப் போகச் சொல்கிறேன்.

என் பேச்சையே மாற்றிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆலியா க்ரம் செய்தது. 46 பேருக்கு இருவேறு நாட்களில் மில்க்‌ஷேக் கொடுத்தார். இரண்டும் ஒரே சரக்கு, 380 கலோரி. ஒரு நாள் பாட்டிலில் ‘620 கலோரி, நல்ல கொழுகொழு பானம்’ என்ற மாதிரி சீட்டு. இன்னொரு நாள் ‘140 கலோரி, அளவான பானம்’ என்ற மாதிரி சீட்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளந்தார்கள். கொழுகொழு பானம் என்று நம்பிக் குடித்த நாளில் அது சரசரவென்று இறங்கியது. அளவான பானம் என்று நம்பிய நாளில் பெரிதாக அசையவே இல்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பேரிடம் தட்டை நீட்டி, “இது பத்தியச் சாப்பாடு, பொறுத்துக்கோங்க” என்று சொல்லியிருப்பேன்! சாப்பிடும் முன்பே ‘இது காணாது’ என்று அவர்கள் மனசில் எழுதியது நான்தான். இப்போது அதே கீரைக்கூட்டையும் சுண்டலையும் “நல்ல சத்தான சாப்பாடு, வயிறு நிறையும்” என்று சொல்லி வைக்கிறேன்.

கீமோ வார்டில் இன்னொரு சங்கதி. உயிருக்குயிராக மீன்குழம்பு சாப்பிட்ட ஒரு பெண், சிகிச்சைக்குப் பிறகு அந்த வாசமே ஆகாமல் அழுதார். மருந்து போட்ட அன்று காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். குமட்டல் மருந்தால் வந்தது என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருக்கும் மனசு பழியை மீன்குழம்பின் தலையில் போட்டுவிட்டது. அமெரிக்காவில் ஜான் கார்சியா 1955-லேயே எலிகளிடம் இதைக் காட்டினார். இனிப்புத் தண்ணீர் குடித்தபோது கதிர்வீச்சால் நோவுண்ட எலிகள், பிறகு அந்தத் தண்ணீரைத் தவிர்த்தன. கீமோவுக்கு முன் ஒரு புது வகை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகளுக்கு அதன்மேல் வெறுப்பு வந்ததை இலீன் பெர்ன்ஸ்டீன் 1978-இல் காட்டினார். அதனால் மருந்து ஏறும் நாளில் பிடித்த பலகாரத்தை ஆசையாகக் கொண்டுவராதீர்கள். பிடித்ததை நல்ல நாளுக்கு வைத்திருங்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவாக இருந்தது. அப்பா சுத்த சைவம். சர்க்கரைக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடமாகப் போடுகிறவர். அந்த மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம். வயதாக ஆக, சாப்பாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் சக்தியும் வயிற்றுக்குக் குறையும். பி12 போதாவிட்டால் கால் மரத்துப்போகும், மறதியும் குழப்பமும் வரும். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த எனக்குச் சொந்த அப்பாவுக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஊசி போட்டார்கள். கால் மதமதப்பு குறைந்தது. பேச்சில் ஒரு தெளிவு வந்தது. பேரன் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். மறதி முழுதாகப் போகவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது.

சோறு கேட்பதும் நிற்கவில்லை. அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பிட்ட இலையை எடுக்காமல் அப்படியே விட்டாள். எச்சில் இலை கிடக்கச் சம்மதிக்காத வீடு எங்களுடையது. அப்பா எழுந்து வந்து, இலையில் கிடந்த கறிவேப்பிலையையும் மிளகாய் வற்றலையும் பார்த்தார். “சாப்ட்டாச்சு போலிருக்கே” என்று திரும்பிப் போனார். எல்லா நாளும் இது பலிக்கவில்லை. பலித்த நாளில் வீட்டில் சண்டை இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்கும் பெரியவர் இருந்தால், பொய் சொல்கிறார் என்று கோபப்படாதீர்கள். அவருக்கு நிஜமாகவே பசிக்கிறது. சைவம் சாப்பிட்டு, வருடக்கணக்காக மெட்பார்மின் போடுகிறவர் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.