குரல் முதலில், படம் பிறகு

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் வட்டாரத்துக்குள் நடந்தால் கிங் ஜார்ஜஸ் அவென்யூ வரும். 2009ல் தொடங்கிய ‘ஹேக்கர்ஸ்பேஸ்.எஸ்ஜி’ அங்கே ஒரு மாடியில் பல ஆண்டுகள் இயங்கியது. வேலை முடிந்த மாலைகளில் நிரலாளர்கள் கூடுவார்கள். ஒருவர் தன் நிரலைத் திரையில் காட்டிப் பேசுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். சிங்கப்பூரில் இப்படிக் கூடும் சிறு குழுக்கள் ஏராளம். அந்தப் பேச்சுகள் காற்றோடு போகக் கூடாது என்று மைக்கேல் செங் தொடங்கிய முயற்சிதான் ‘எஞ்சினியர்ஸ்.எஸ்ஜி’. தன்னார்வலர்கள் கேமராவும் மைக்கும் சுமந்து கூட்டம் கூட்டமாகச் சென்று, பேச்சுகளைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார்கள்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் ‘சர்க்கிட் பிரேக்கர்’ எனும் கொவிட் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தன. கூட்டங்கள் இணையத்துக்கு மாறின. தமிழ்நாட்டிலும் அதே கதைதான். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இன்றும் ஜிட்சி எனும் இணையக் கூட்ட மென்பொருள் வழியாக வாரக் கூட்டம் நடத்துகிறது. இணையக் கூட்டம் நடத்துவது எளிது. கேட்கும்படி நடத்துவதும், பின்னால் பயன்படும்படி பதிவுசெய்வதும்தான் கடினம். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் அறிவியலைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தாமதம் எங்கே பிறக்கிறது?

நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடைவெளி சுமார் 200 மில்லி வினாடிதான். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009ல் வெளியான ஆய்வு, எல்லா மொழிகளிலும் இந்த இடைவெளி ஏறக்குறைய இவ்வளவே என்று காட்டியது. அதனால்தான் குரல் ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002லிருந்தே கடலடிக் கேபிள் ஓடுகிறது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆக, கடலைக் கடக்க ஆகும் நேரம் 16 மில்லி வினாடிதான். ஆனால் கூட்டத்தின் சர்வர் நியூயார்க்கில் இருந்தால், சிங்கப்பூர்க் குரல் அங்கே போய்த் திரும்ப 30,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் பயணமே 150 மில்லி வினாடியைத் தின்றுவிடும். சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதை அமைப்பாளர் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த எதிரி, தாமதத்தைக் கூட்டும் வைஃபை. பேச்சாளராவது லேன் கேபிளில் இணைந்திருப்பது நல்லது.

90 ஓடைகள், ஒரு சர்வர்

பத்துப் பேர் கூடும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் நேரடியாகப் படம் அனுப்பினால், மொத்தம் 90 ஓடைகள். எந்த வீட்டு இணைப்பும் திணறிவிடும். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் 2003ல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த ஜிட்சி, இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் சர்வருக்கு மட்டும் அனுப்பினால் போதும். வந்த கட்டுகளை முகவரி பார்த்து அனுப்பும் தபால் நிலையம் போல, சர்வர் அவற்றை மற்றவர்களுக்குத் திருப்பிவிடும். படங்களைக் கலந்து புதுப் படம் செய்வதில்லை என்பதால் சிறிய சர்வரிலேயே கூட்டம் ஓடும்.

நெரிசல் வந்தால் எதைத் தியாகம் செய்வது? கணக்கே பதில் சொல்லும். 2012ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் ஒலிச்சுருக்க முறையில், வினாடிக்கு 32 கிலோபிட் இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு 14 மெகாபைட்தான். வினாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் போகும் படமோ ஒரு மணி நேரத்தில் 675 மெகாபைட் கேட்கும். கேமராவை அணைத்தால் கூட்டம் நடக்கும். குரல் அறுந்தால் நடக்காது.

திரையில் தொலையும் புள்ளி

நிரலாளர் கூட்டத்தில் முகத்தைவிட முக்கியமானது பகிரப்படும் திரை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காணொளிச் சுருக்கத்தில் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தைக் கால் பங்கு நுணுக்கத்தோடும் அனுப்புவதே வழக்கம். மனிதக் கண் நிற நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது. முகத்துக்கு அது போதும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் வரும் பிழைச்செய்திக்குப் போதாது. ஓரங்கள் கசிந்து மங்கிவிடும். தமிழ் எழுத்துக்கு இன்னும் ஆபத்து: சிறிய அளவில் புள்ளி மறைந்தால் ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாது. வெளிர் பின்னணி, கறுப்பு எழுத்து, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய எழுத்துரு ஆகியவையே மருந்து. நிரல் வேகமாக அசைவதில்லை. வினாடிக்கு ஐந்து சட்டகங்கள் போதும், தெளிவுதான் முக்கியம்.

பதிவு எனும் தனிக்கலை

ஜிட்சியின் பதிவுக்கருவி ஜிப்ரி. சர்வரில் ஓடும் ஒரு குரோம் உலாவி கண்ணுக்குத் தெரியாத பங்கேற்பாளராகக் கூட்டத்தில் சேர, அதன் திரை பதிவாகும். ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் பதிவுசெய்யும். கணினித் திறனும் நிறையக் கேட்கும். அதனால் சிறு குழுக்களுக்குத் தோதானது, உறுப்பினர் ஒருவர் தன் மடிக்கணினியில் ஓபிஎஸ் மென்பொருளால் பதிவுசெய்வது. அவர் இணைப்பு விக்கினால் பதிவும் விக்கும் என்பதால், பேச்சாளரும் நடத்துநரும் அல்லாத, நல்ல இணைப்புள்ள ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கோப்பை எம்கேவி வடிவில் சேமிப்பது பாதுகாப்பு. சாதாரண எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கணினி நின்றால் மொத்தப் பதிவும் திறக்காமல் போகலாம்.

பேச்சாளர் தன் குரலைக் கைப்பேசியில் தனியாகப் பதிவுசெய்தால் தரம் கூடும். ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி வினாடி விலகும். உதட்டசைவுக்கு 125 மில்லி வினாடி பிந்தி ஒலி வந்தாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல்; இரண்டையும் வைத்துத் தொகுக்கும்போது சரிசெய்துவிடலாம்.

பதிவைத் தொடங்கும் முன் எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள். முகமோ குரலோ வெளியே போக வேண்டாம் என்பவர் எழுத்தில் கேள்வி கேட்க இடம் கொடுங்கள். புதியவர் தயங்காமல் கேட்கும் கேள்விதான் பல நேரம் கூட்டத்தின் உயிர்.

தமிழ்க் கணிமைக்குச் சிங்கப்பூர் அந்நியமான ஊர் அல்ல. 1997ல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும், 2000ல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான ‘உத்தமம்’ தோன்றியதும் இங்கேதான். அன்று தமிழ்க் கணிமை பற்றிக் கூடிப் பேச மாநாடு கூட்ட வேண்டியிருந்தது. இன்று சென்னை மாணவரும் சிராங்கூன் சாலைப் பொறியாளரும் சேர்ந்து தமிழில் நிரலைப் பேச ஒரு மடிக்கணினியும் நல்ல மைக்கும் போதும். உங்கள் குழுவில் ஐந்தே பேர் இருந்தாலும் அடுத்த கூட்டத்தைப் பதிவுசெய்யுங்கள். அன்று வர முடியாத ஆறாமவர் அதிலிருந்துதான் கற்கப்போகிறார்.