நீலாயின் சிறந்த பர்கர் எது? சாப்பிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது!

போன வாரம் இரண்டாம் படிவ மாணவர்களுக்குள் ஒரு சண்டை. விஷயம் வேறொன்றுமில்லை, பர்கர். நீலாயில் எந்த ஒட்டுக்கடைப் பர்கர் சிறந்தது என்று ஓய்வு நேரத்தில் தொடங்கிய பேச்சு, மணி அடித்த பிறகும் ஓயவில்லை. ஆளுக்கொரு கடையைச் சொன்னார்கள். ஒருவன் மட்டும் ஒரு கடையின் பெயரைச் சொல்லி, "அதுதான் நீலாயிலேயே மோசம். நான் சாப்பிட்டிருக்கேன், ஒரு ஸ்டார்தான் போட்டேன்" என்றான்.

பின் வரிசையில் ஒரு மாணவி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய அண்ணன் நடத்தும் கடை. தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த குடும்பம் அவர்களுடையது. அந்தக் கடை வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. வகுப்பு முடிந்து போகும்போது என்னிடம் கேட்டாள்: "ஒரு நாள் சாப்பிட்டுட்டு எப்படி டீச்சர் மோசம்னு சொல்றாங்க?"

இந்த வாரக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் நாட்டுச் சாலையோரப் பர்கர் கடைகளில் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் இறைச்சி வில்லையைத்தான் பயன்படுத்துகின்றன. 'ரம்லி பர்கர்' என்று கடைக்கே பெயர் சொல்லும் அளவுக்கு அது பழகிவிட்டது. 1970களின் இறுதியில் ரம்லி மொக்னி என்பவர், தம் மனைவியோடு சேர்ந்து கோலாலம்பூரில் சிறிய அளவில் தொடங்கிய தொழில் அது. வெளிநாட்டிலிருந்து வந்த பர்கர் இறைச்சி ஹலால்தானா என்று மக்களுக்கு இருந்த சந்தேகமே அவரை இதில் இறக்கியது. (ஹாம்பர்கர் என்ற பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்தது. 'ஹாம்' எனப்படும் பன்றி இறைச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஆக, உங்களுக்குப் பிடித்த கடையும் பிடிக்காத கடையும் ஒரே மாதிரிப் பெட்டியைப் பிரித்து, ஒரே மாதிரி வில்லையை எடுத்து, அநேகமாக ஒரே வகை ரொட்டியில் வைத்துக் கொடுக்கலாம். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று அபாங்கின் இரும்புக் கல். இன்னொன்று உங்கள் தலை.

கல்லில் நடப்பது என்ன?

வில்லையின் மேல்புறம் பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகும்போது ஒரு மணம் எழும்புகிறதே, அதற்குக் காரணம் மெயிலார்ட் வினை. லூயி கமில் மெயிலார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதைப் பற்றி எழுதினார். புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து, நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. முறுகலான தோசை, வாட்டிய ரொட்டி, வறுத்த காப்பிக்கொட்டை என்று எல்லாவற்றிலும் இந்த வினை உண்டு.

இந்த வினை வேகமாக நடக்க, இறைச்சியின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும். இங்கேதான் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கு வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உறைந்த வில்லையிலுள்ள 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். உருகிய நீரை 100 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 420 ஜூல். அதை ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 2260 ஜூல்! மொத்தம் 3000 ஜூலுக்கு மேல். அதில் முக்கால் பங்கு ஆவியாவதற்கே போகிறது.

இப்போது பசார் மாலாம் நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். வரிசை நீளமாக நிற்கிறது. அபாங் கல் நிறைய உறைந்த வில்லைகளைப் பரப்புகிறார். அடுப்பு கொடுக்கும் வெப்பம் அதேதான். பங்கு கேட்கும் வில்லைகளோ நான்கு மடங்கு. கல் குளிர்கிறது. வில்லைகளிலிருந்து வடியும் நீர் கல்லிலேயே தங்கி, இறைச்சி வறுபடாமல் வேகிறது. நிறம் வெளிறுகிறது, மணம் குறைகிறது. அதே ஆள், அதே கை, அதே பெட்டி. கூட்டமில்லாத நாளில் நான்கு வில்லைகளை மட்டும் போட்டு நிதானமாகத் திருப்பினால் வேறு பர்கர் கிடைக்கும்.

அதனால் "அந்தக் கடைப் பர்கர்" என்று ஒரு பொருள் கிடையாது. அந்தக் கடையின் செவ்வாய்க்கிழமை எட்டு மணிப் பர்கர் உண்டு, சனிக்கிழமை ஒன்பது மணிப் பர்கர் உண்டு. ஒன்றை மட்டும் தின்றுவிட்டு மற்றதற்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளியே பழுப்பானால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமல்ல. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த இறைச்சியில் அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. கோழி வில்லையின் நடுப்பகுதி 74 பாகையை எட்ட வேண்டும். உள்ளே குளிர்ச்சியாகவோ கூழாகவோ இருந்தால், கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்து மறுபடி வேகவைக்கச் சொல்லுங்கள்.

தலையில் நடப்பது என்ன?

'பசி ருசி அறியாது' என்பார்கள். இதைவிட நல்ல அறிவியல் குறிப்பு உணவுச் சோதனைக்குக் கிடையாது. பூப்பந்து விளையாடிவிட்டு வந்து சாப்பிட்ட பர்கரையும், வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்ட பிறகு கொறித்த பர்கரையும் ஒப்பிடுவது நியாயமா? உடன் வந்த நண்பன் முதலிலேயே "செம்ம!" என்று சொல்லிவிட்டால் உங்கள் நாக்கும் அதற்குத் தலையாட்டும். காகிதச் சுற்றுகூடச் சுவையை மாற்றும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று மெக்டொனால்ட்ஸ் காகிதத்தில், மற்றது வெறும் காகிதத்தில். கேரட் துண்டுகள்கூட மெக்டொனால்ட்ஸ் காகிதத்தில் இருந்தபோதுதான் அதிகக் குழந்தைகளுக்கு ருசித்தன! சின்னப் பிள்ளைகள்தானே என்று சிரிக்காதீர்கள். நாமும் அப்படித்தான்; காகிதம்தான் வேறு.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் ஞாபகம் இருக்கிறதா? இங்கே தற்சார்பு மாறி, கடை. சார்பு மாறி, சுவைக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பு. பசி, நேரம், சாஸ், சூடு, காகிதம், நண்பனின் வாய் எல்லாமே கட்டுப்படுத்த வேண்டிய மாறிகள். அவற்றைக் கட்டுப்படுத்தாமல் போடும் நட்சத்திரம் எதை அளந்தது என்று யாருக்கும் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

சுவைச் சோதனைகளில் மிகப் புகழ்பெற்றது ஒரு கோப்பைத் தேநீரிலிருந்து பிறந்தது. 1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் அறிவியலாளர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைக் குடித்தே சொல்லிவிட முடியும் என்றாராம். உடன் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் அதை நம்பவில்லை. 8 கோப்பைகளில் 4 பால் முதலில், 4 தேநீர் முதலில். முறை தெரியாதபடி கலைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். வெறும் ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் 1 வாய்ப்புதான் உண்டு. 1935இல் வெளிவந்த ஃபிஷரின் புத்தகம் இந்தச் சோதனையை விரிவாக விளக்குகிறது. ஆனால் பெண்மணி வென்றாரா தோற்றாரா என்று அதில் எழுதவே இல்லை! சோதனையை எப்படி அமைப்பது என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

நீங்கள் செய்ய இன்னும் எளிய முறை ஒன்று இருக்கிறது. முக்கோணச் சோதனை என்று பெயர். இரண்டு கடைகளில் ஒரே வேளையில் கோழிப் பர்கர் வாங்குங்கள். நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதால் கோழி என்கிறேன். பல கடைகளில் இரண்டும் ஒரே கல்லில், ஒரே கரண்டியில்தான் புரளும். அது உங்களுக்கு உறுத்தினால், கல்லைச் சுரண்டிவிட்டுத் தனியாகப் போடுமாறு முன்பே கேளுங்கள். சாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில்லி சாஸும் மயோனீசும் சேர்ந்தால் எல்லாக் கடையும் ஒரே கடைதான்.

வாங்கியவற்றைச் சம துண்டுகளாக வெட்டுங்கள். சுவைக்கிறவருக்கு மூன்று துண்டுகள். இரண்டு ஒரு கடையுடையவை, ஒன்று மற்றதுடையது. அவர் கண்ணைக் கட்டிவிட்டு, "எது வேறு?" என்று மட்டும் கேளுங்கள். "எது நல்லது?" என்று இப்போது கேட்கக் கூடாது. துண்டுகளைக் கொடுக்கிறவருக்கும் எது எந்தக் கடை என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. முகத்தைக் கட்டுப்படுத்த எல்லாருக்கும் வராது.

12 பேர் சுவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் ஊகித்தாலே, சராசரியாக 4 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 7 பேர் சரியாகச் சொன்னால்? அவசரப்படாதீர்கள். வெறும் ஊகத்தில் 7 அல்லது அதற்கு மேல் வர 100க்கு 6, 7 தடவை வாய்ப்பு உண்டு. 8 பேர் என்றால் அந்த வாய்ப்பு 100க்கு 2க்கும் கீழே போய்விடும். அப்போது, இரண்டு கடைகளுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். 8ஐ எட்டவில்லை என்றால், ஓய்வு நேரத்தில் நீங்கள் போட்ட சண்டைக்கு இன்னும் ஆதாரம் இல்லை என்று பொருள்.

வித்தியாசம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எது பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். அதிலும் எண்கள் ஏமாற்றும். 12 பேரில் 7 பேர் ஒரு கடைக்கு, 5 பேர் மற்றதற்கு ஓட்டுப் போட்டால் "ஏழு பேர் ஜெயித்தார்கள்" என்று கத்தத் தோன்றும். ஆனால் ஒரு நாணயத்தை 12 முறை சுண்டினாலே, 100க்கு 77 தடவை 7–5 அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி வந்துவிடும். நம்பாவிட்டால் இன்றிரவு ஒரு 20 சென் காசை எடுத்துச் சுண்டிப் பாருங்கள்.

நட்சத்திரங்களின் கதை

கைப்பேசியில் தேடி, 5 நட்சத்திரம் பெற்ற கடைக்குத்தான் போவேன் என்று சொல்லும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நீலாயிலுள்ள எல்லாப் பர்கர் கடைகளும் ஒரே தரம் என்று கற்பனை செய்யுங்கள். எந்தக் கடையில் சாப்பிட்டாலும் 10இல் 8 பேர் "நன்று" என்பார்கள். 3 பேர் மட்டும் கருத்துச் சொன்ன கடையில் மூவருமே "நன்று" என்று சொல்ல வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது, இப்படிப்பட்ட கடைகளில் பாதி முழு மதிப்பெண் வாங்கிவிடும். 30 பேர் கருத்துச் சொன்ன கடை முழு மதிப்பெண் வாங்க வாய்ப்பு ஏறக்குறைய 800இல் ஒன்று. தரம் ஒன்றுதான், கருத்துச் சொன்ன தலைகள்தான் வேறு.

பட்டியலின் உச்சியிலும் அடியிலும் புதிய, சிறிய கடைகள் அடிக்கடி நிற்பதற்கு இது ஒரு காரணம். மூன்றே பேர் கருத்துச் சொன்ன கடையில் ஒருவர் போடும் ஒற்றை நட்சத்திரம், மற்ற இருவரும் ஐந்து கொடுத்திருந்தாலும், சராசரியை 3.7க்கு இறக்கிவிடும். முந்நூறு பேர் கருத்துச் சொன்ன பெரிய உணவகத்தில் அதே ஒற்றை நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே சராசரியைப் பார்க்கும் முன் எத்தனை பேர் சொன்னார்கள் என்று பாருங்கள். நட்சத்திரம் போடுவதற்கு முன், எத்தனை முறை சாப்பிட்டோம் என்று உங்களையே கேளுங்கள். வெவ்வேறு கிழமைகளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறையாவது சாப்பிடாமல் ஒரு கடையை மோசம் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பின் வரிசை மாணவியிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். அண்ணன் ஒரே நேரத்தில் கல்லில் எத்தனை வில்லைகள் போடுவார் என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். சாதாரண நாளில் நான்கு. சனிக்கிழமை இரவு, கல் கொள்ளும்வரை.

ஒரு நட்சத்திரம் போட்டவனைக் கூப்பிட்டு என்றைக்குச் சாப்பிட்டாய் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றான். இதை வைத்து அவன் சொன்னது தவறு என்று நான் முடிவுகட்டவில்லை. இது ஒரு கருதுகோள், அவ்வளவுதான். வருகிற செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவனும் அவளும் இன்னும் பத்துப் பேரும் முக்கோணச் சோதனைக்கு வருகிறார்கள். கண்ணைக் கட்டும் துணி என் பொறுப்பு, பர்கர் காசு அவரவர் பொறுப்பு.