மூட்டே இல்லாத எஞ்சின்

நங்கநல்லூர்க்காரர்களுக்கு விமான இரைச்சல் பழகிப்போன ஒன்று. மீனம்பாக்கத்துக்கு வந்துபோகும் இண்டிகோ ஏ320நியோ விமானங்கள் பலவற்றில் ‘லீப்’ எஞ்சின் இருக்கிறது. அதில் எரிபொருளைப் பீய்ச்சும் நாசில் முனையை முந்தைய முறையில் செய்தால் சுமார் 20 துண்டுகளை இணைக்க வேண்டும். இப்போது அது முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக அச்சாகி வருகிறது.

தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் முழு ராக்கெட் எஞ்சினையே இப்படி அச்சிடுகிறார்கள். 2017-ல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனத்தின் ‘அக்னிலெட்’ எஞ்சின், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டைக் கிளப்பியது. விமான எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் அதில் எரிகின்றன.

அச்சிடுவது எப்படி? கோலமாவைவிட நைசான உலோகத் தூளை ஒரு தட்டின்மேல் மெல்லிசாகப் பரப்புவார்கள். கணினி காட்டும் கோடுகளில் லேசர் ஓடும். அது பட்ட இடம் உருகி இறுகும். தட்டு ஒரு மயிரிழை இறங்க, அடுத்த படலம் விழும். இப்படி ஆயிரக்கணக்கான படலங்கள். முடிந்ததும் உள்ளே தங்கிய தூளை உதறி எடுத்து, தட்டிலிருந்து அறுத்து, சூளையில் பதப்படுத்துவார்கள்.

ராக்கெட் எஞ்சினின் சுவருக்குள் நுண்ணிய குழாய்கள் ஓடும். குளிர்ந்த எரிபொருள் அவற்றின் வழியே சுற்றி, சுவர் உருகாமல் காக்கும். பழைய முறையில் இந்தக் குழாய்களைக் கடைந்து, மேலே மூடி பற்றவைக்க வேண்டும். அச்சில் சுவரும் குழாயும் சேர்ந்தே வளர்கின்றன. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட எஞ்சினை இஸ்ரோ இம்முறைக்கு மாற்றியபோது 14 பாகங்கள் ஒன்றாயின. 19 வெல்டிங் மூட்டுகள் காணாமல் போயின. எஞ்சினுக்கு 565 கிலோ மூலப்பொருள் செலவான இடத்தில் 13.7 கிலோ தூளே போதுமானது. மகேந்திரகிரியில் 2024 மே 9 அன்று அது 665 விநாடிகள் எரிந்து காட்டியது.

நம் காருக்கு இது எப்போது வரும்? போர்ஷே 2020-லேயே 911 ஜி.டி.2 ஆர்.எஸ். காருக்கு அச்சிட்ட பிஸ்டன்களைப் பொருத்திச் சோதித்துவிட்டது. ஆனால் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வரிசையாக இறங்கும் கார்களின் வேகத்துக்கு லேசர் ஈடுகொடுக்காது. அங்கே வார்ப்படம்தான் மலிவு. அதனால் இத்தொழில்நுட்பம் ஃபவுண்டரிக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறது. பி.எம்.டபிள்யூ. தன் எஸ்58 எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டுக்கு வார்ப்பு மணல் கருக்களை அச்சிடுகிறது. உலோகத்தை வழக்கம்போல ஊற்றுகிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். மூட்டு போனாலும் சோதனை போகவில்லை. வெல்டிங்கில் விரிசல் எங்கே வரும் என்று தெரியும். அச்சிட்ட சுவருக்குள் ஒளிந்த சிறு துளையை சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் பிடிக்க முடியும். ஆண்டுக்குச் சில எஞ்சின் செய்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். லட்சக்கணக்கில் செய்பவருக்கும் கட்டுப்படியாகும் நாளில்தான் அச்சிட்ட எஞ்சின் சாதாரணக் காருக்குள் வரும்.