வராத சிம்ஸும் ஓயாத ஊகங்களும்

2014 செப்டம்பரில் 'தி சிம்ஸ் 4' என்ற வீடியோ கேம் வெளிவந்தபோது அதில் நீச்சல் குளம் இல்லை. நடைபழகும் குழந்தைகளும் இல்லை; தொட்டில் பிள்ளை ஒரே தாவலில் பள்ளிச் சிறுவனாகிவிட்டது. முந்தைய பாகத்தில் இருந்தவை எங்கே போயின என்று ரசிகர்கள் கொதித்தார்கள். குளம் இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. நடைபழகும் குழந்தை வந்துசேர 2017 ஜனவரி ஆயிற்று. (குளத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு: பிடிக்காத கதாபாத்திரத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டு ஏணியைப் பிடுங்கிவிடுவது இந்த விளையாட்டின் புராதனக் குறும்பு.)

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு, வாழ்க்கையை நடித்துக் காட்டும் எந்தப் புதிய வீடியோ கேம் அறிவிக்கப்பட்டாலும் ரசிகர்கள் உளவாளிகளாகிவிடுகிறார்கள். நிறுவனத்தின் வேலைவாய்ப்பு விளம்பரத்தைக்கூட ஜாதகம் போலப் புரட்டிப் பார்க்கிறார்கள். முன்னோட்டப் படத்தின் மூலையில் ஒரு கார் தெரிந்தால், 'ஊரெல்லாம் சுற்றலாமா?' என்று நாள்கணக்கில் விவாதம் நடக்கிறது.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வகை விளையாட்டின் உள்ளமைப்பைப் பார்த்தால், அந்தச் சந்தேகங்கள் சரியான இடத்தில்தான் விழுகின்றன என்பது புரியும்.

அமெரிக்க வடிவமைப்பாளர் வில் ரைட்டின் வீடு 1991 ஓக்லாந்து தீ விபத்தில் எரிந்துபோனது. ஒரு வீட்டுக்கு எதெல்லாம் வேண்டும், ஏன் வேண்டும் என்று புதிதாக யோசிக்க வேண்டிய நிலையில் பிறந்த எண்ணம், 2000 பிப்ரவரியில் 'தி சிம்ஸ்' ஆக வந்தது. அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. சமைக்கலாம், வேலைக்குப் போகலாம், காதலிக்கலாம், பக்கத்து வீட்டாரோடு சண்டை போடலாம்.

அதன் சூட்சுமம், மூளை பெரும்பாலும் பாத்திரங்களில் இல்லை, பொருள்களில் இருக்கிறது என்பதுதான். குளிர்சாதனப் பெட்டி 'என்னிடம் வந்தால் பசி தீரும்' என்று சுற்றிலும் சைகை விடும். கட்டில் களைப்பைத் தீர்ப்பதாகச் சொல்லும். பாத்திரம் தன் பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு போன்ற தேவைகளில் எது குறைந்திருக்கிறதோ, அதற்கேற்ற பொருளை நோக்கி நடக்கும். அதனால் புதிதாக ஒரு சோபாவைச் சேர்ப்பது எளிது. ஆனால் நடைபழகும் குழந்தையைச் சேர்த்தால், அது அந்தச் சோபாவில் எப்படி ஏறும், யார் தூக்கிவைப்பார்கள், மாடிப்படியில் என்ன செய்யும் என்று வீடு முழுவதையும் திரும்ப யோசித்தாக வேண்டும். குளத்தைவிடக் குழந்தை தாமதமானதில் வியப்பில்லை.

2022 அக்டோபரில், சிம்ஸை வெளியிடும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'புராஜெக்ட் ரெனே' என்ற பெயரில் ஒரு புதிய முயற்சியைக் காட்டியது. ஒரே வீட்டின் அறைகலன்களைக் கணினியிலும் கைபேசியிலும் மாற்றியமைக்கலாம் என்பதுதான் அன்று தெரிந்தது. அவ்வளவுதான், இதுதான் ஐந்தாம் பாகம் என்று உலகமே முடிவுகட்டிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், நான்காம் பாகத்துக்கு மாற்றாக ஒன்று வராது, அதையே தொடர்ந்து வளர்ப்போம் என்று நிறுவனம் சொன்னது. வணிகக் கணக்கு எளிது. 2022இலேயே அடிப்படை விளையாட்டு இலவசமாகிவிட்டது; காசு துணைத் தொகுப்புகளில் வருகிறது. அத்தனையையும் முழு விலை கொடுத்து வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த அந்தச் சொத்தை விட்டுவிட்டுப் புதுப் பாகத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்?

நான்காம் பாகத்துக்குப் பிறகு புதிய பாகம் வராத இந்த இடைவெளியில்தான் போட்டியாளர்கள் களமிறங்கினார்கள். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் 'லைஃப் பை யூ'வை அறிவித்தபோது நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. சிம்ஸ் பிரிவுக்கே முன்பு தலைமை வகித்த ராட் ஹம்பிள்தான் அதன் பொறுப்பாளர். இடைநிறுத்தம் இல்லாத திறந்த ஊர், நிஜ மொழியில் உரையாடல், ரசிகர்களே மாற்றியமைக்கும் கருவிகள் என்று வாக்குறுதிகள் குவிந்தன. ஆனால் வெளியீட்டு நாள் 2023 செப்டம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்கும், பிறகு ஜூனுக்கும் தள்ளிப்போனது. அந்த ஜூனில் விளையாட்டுக்குப் பதிலாக ரத்து அறிவிப்பு வந்தது; அதை உருவாக்கிய ஸ்டுடியோவும் மூடப்பட்டது. தள்ளிவைப்புகளை அடுக்கிப் பார்த்து 'இது வராது' என்று முன்பே சொன்ன ரசிகர்களை அவநம்பிக்கைக்காரர்கள் என்று திட்டியவர்கள் அதன்பின் மௌனமானார்கள்.

தென் கொரியாவின் கிராஃப்டன் வெளியிட்ட 'இன்சோய்' கதை வேறு. 2025 மார்ச் 28 அன்று முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, ஒரு வாரத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் போயின. பாத்திரங்களின் அழகைப் பார்த்து மயங்கியவர்கள், அவர்களுக்குள் உயிரோட்டம் போதவில்லை என்று விரைவிலேயே முணுமுணுத்தார்கள். தோலின் பளபளப்பைவிடப் பக்கத்து வீட்டாரோடு மூளும் சண்டைதான் இங்கே கடினமான வேலை.

கனடாவின் அலெக்ஸ் மாஸே 2019இல் தொடங்கிய 'பாராலைவ்ஸ்' ரசிகர்களின் மாதச் சந்தாவில் வளர்ந்தது. வளைந்த சுவர், விரும்பிய அளவுக்கு இழுத்து நீட்டும் கட்டில் என்று செய்வதையெல்லாம் அந்தச் சிறு குழு அவ்வப்போது காட்டிவந்தது. துணைத் தொகுப்புகளுக்குக் காசு வாங்குவதில்லை என்றும் உறுதியளித்தது. 2025 டிசம்பர் 8 என்று குறித்த நாள் நெருங்கியபோது, சோதித்துப் பார்த்தவர்களின் கருத்துகளைக் கேட்டுவிட்டு 2026 மே 25க்குத் தள்ளிவைத்தது. அறிவிப்பு வந்த அன்றே 'லைஃப் பை யூ'வின் பெயர் மறுபடி பேச்சில் அடிபடத் தொடங்கியது.