மெல்லும் பழக்கமும் பல் நலமும்

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது நம் கிராமங்களில் பெரியோர் சொல்லிவரும் பழமொழி. மெல்லுதல் செரிமானத்திற்கு மட்டுமன்றிப் பற்களின் காவலுக்கும் உதவுகிறது என்பதை ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. ஆயினும் எதை மெல்லுகிறோம் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. இன்று சிற்றூர்ப் பெட்டிக் கடைகளிலும் சூயிங்கம் விற்கப்படுகிறது. அதில் சர்க்கரை சேர்ந்த வகையும் உண்டு; சேராத வகையும் உண்டு. முன்னது பல்லுக்குக் கேடு. பின்னது முறையோடு பயன்படுத்தினால் ஓரளவு துணை. இவ்வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

பல் சொத்தையாவது எவ்வாறு?

நம் வாயில் எண்ணற்ற நுண்கிருமிகள் எப்போதும் வாழ்கின்றன. அவை பல்லின்மேல் பிசுபிசுப்பான மெல்லிய படலமாகப் படிந்திருக்கின்றன. நாம் இனிப்பு உண்ணும்போது அக்கிருமிகளும் அச்சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும் அமிலம் பட்டால் அதுவும் கரையத் தொடங்குகிறது. இனிப்புத் தின்ற சில நிமிடங்களில் தொடங்கும் இவ்வரிப்பு, உமிழ்நீர் அமிலத்தை முறிக்கும் வரையில், ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கக்கூடும்.

ஆகவே எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைப் போலவே, நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியமாகும். உணவோடு ஒரு முறை இனிப்புத் தின்னும் குழந்தையின் பற்களைக் காட்டிலும், காலை முதல் மாலை வரை சிறிது சிறிதாக மிட்டாய் சுவைக்கும் குழந்தையின் பற்களே விரைவில் கெடுகின்றன. வெல்லத்தாலும் கருப்பட்டியாலும் பல்லுக்குத் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். கிருமிகளுக்கு அவையும் சர்க்கரையே.

உமிழ்நீர் செய்யும் தொண்டு

புளிப்பேறிய நிலத்திற்குச் சுண்ணாம்பு இட்டுச் சீர்செய்வதை உழவர் அறிவர். வாயில் அதே வேலையை உமிழ்நீர் செய்கிறது. நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்நீர், அமிலத்தை முறித்து, உணவுத் துகள்களைக் கழுவி, எனாமல் இழந்த சுண்ணச் சத்தையும் பாஸ்பேட்டையும் மீண்டும் ஊட்டுகிறது. மெல்லும்போது அதன் சுரப்பு தொடக்கத்தில் ஏறத்தாழ 10 மடங்காகப் பெருகும். உணவுக்குப் பின் சர்க்கரையற்ற ஒரு பொருளை 20 நிமிடம் மென்றால், கிருமிகளுக்கு இரை கிடைப்பதில்லை. பற்களுக்கோ உமிழ்நீர் மிகுதியாகக் கிடைக்கிறது. சர்க்கரை சேராத சூயிங்கத்தின் பயன் பெரும்பாலும் இதுவே.

சப்போட்டா மரத்திலிருந்து வந்த பொருள்

சப்போட்டாக் காயைப் பறிக்கும்போது கையில் ஒட்டும் பாலை நாம் அறிவோம். அம்மரத்தின் தாயகமாகிய மெக்சிகோ, பெலீஸ் முதலிய நாடுகளின் காடுகளில் மரத்தைக் கீறி எடுத்த பாலே முற்காலச் சூயிங்கத்திற்கு மூலப்பொருள். அமெரிக்கரான தாமஸ் ஆடம்ஸ் 1871-ஆம் ஆண்டில் சூயிங்கம் செய்யும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பெரும்பாலும் செயற்கைப் பிசினே பயன்படுகிறது. அதனோடு சர்க்கரையைச் சேர்த்தபோது, பல் நீண்ட நேரம் இனிப்பில் ஊறும் நிலை ஏற்பட்டது.

இதற்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள். பூர்ச்ச மரக் கட்டையிலிருந்தும், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரிலிருந்தும் இதனைத் தயாரிக்கின்றனர். நாவுக்கு இது சர்க்கரை போலவே இனிக்கும். ஆனால் சொத்தைக் கிருமிகளால் இதை அமிலமாக்க இயலாது. பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் 1972 முதல் 1974 வரை 125 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. சாதாரணச் சர்க்கரை உண்டவர்களைவிடச் சைலிட்டால் உண்டவர்களிடம் புதிய சொத்தை மிகவும் குறைவாக இருந்தது. பின்னர்ப் பெலீஸ் நாட்டில் 1989 முதல் 1993 வரை, 1,277 பிள்ளைகளை 40 மாதங்கள் கவனித்தனர். சர்க்கரைச் சூயிங்கம் மென்றவர்களிடம் சொத்தை சற்றே கூடியது. சைலிட்டால் சூயிங்கம் மென்றவர்களிடம் பெரிதும் குறைந்தது.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் அமைப்பு, சைலிட்டால் சூயிங்கத்தைப் பற்றி உறுதியான முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்று 2015-இல் தெரிவித்தது. ஆகவே இதனைத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, மருந்தாகக் கருதலாகாது.

பாக்கு மெல்லலாமா?

‘பாக்கு மென்றாலும் உமிழ்நீர் ஊறுமே’ என்று சிலர் கேட்கலாம். ஊறும், ஆனால் பாக்கு வாய்க்கு நஞ்சாகிறது. புகையிலை சேராதபோதும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. நாள்தோறும் பாக்கு மெல்லுவோர் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, ஒரு கவளச் சோறு உண்ணும் அளவுக்குக்கூட வாய் திறவாமற் போகிறது. புகையிலையும் சேர்ந்தால் கேடு பெருகும். இப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு, வாய் சும்மா இராத வேளையில் சர்க்கரையற்ற சூயிங்கம் ஒரு மாற்றாக அமையலாம்.

கவனிக்க வேண்டியவை

உறையில் ‘சுகர் ஃப்ரீ’ என்னும் குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குக. சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். தாடை மூட்டில் வலியுடையோர் தவிர்த்தல் நலம். அளவுக்கு மீறினால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். சைலிட்டால் நாய்களுக்குக் கொடிய நஞ்சு. ஆதலால் அவற்றுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். மென்றதைத் தாளில் மடித்துக் குப்பைத் தொட்டியிலேயே இடுக. செயற்கைப் பிசின் எளிதில் மட்காது.

சூயிங்கம் வாங்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. உண்டபின் நீரால் நன்கு வாய் கொப்பளிக்கும் நம் பழைய வழக்கம் செலவற்றது. வேப்பங்குச்சியால் பல் துலக்குவோரும் இரவில் படுக்குமுன் ஃபுளோரைடு சேர்ந்த பற்பசையால் துலக்குதல் அவசியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், அப்போது பல்லுக்குக் காவலும் குறைகிறது.

ஊராட்சிகளின் கடமை

பல்வலியால் இரவெல்லாம் அழுத குழந்தை மறுநாள் பாடத்தில் எவ்வாறு மனம் செலுத்தும்? மதிய உணவுக்குப்பின் பிள்ளைகள் வாய் கொப்பளிக்கப் பள்ளியில் குழாய் நீர் உண்டா என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் நேரில் காண வேண்டும். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதைக் கடைக்காரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். அரசுப் பல் மருத்துவரைக் கிராம சபைக்கு அழைத்து, பிள்ளைகளின் பற்களைப் பரிசோதிக்க நாள் குறிக்கலாம்.

பயிரில் பூச்சி கண்டபின் மருந்து தெளிப்பதினும், வருமுன் காப்பதே சிக்கனம் என்பதை உழவர் அறிவர். நம் பிள்ளைகளின் பற்களுக்கும் அதுவே பொருந்தும்.