118 டிகிரி: டிரில் பிட் முனையைச் சோதிக்கும் சின்னத் தகடு

10 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும் டிரில் பிட்டால் இரும்புத் தகட்டில் துளை போடுகிறோம். துளையை அளந்தால் 10.5 மில்லிமீட்டர் இருக்கிறது. பிட் வளையவில்லை, இயந்திரம் ஆடவில்லை. நேற்றுத்தான் சாணை பிடித்த முனை. விரலால் தொட்டால் நன்றாகவே கூர்மையாக இருக்கிறது. பிறகு அந்த அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

அந்த முனையிலிருந்துதான். ஆனால் வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அதைக் காட்டிக்கொடுக்க ஓர் எளிய கைக்கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் தகடு. பேட்டரி இல்லை, திரை இல்லை. பட்டறைகளில் அதை டிரில் பாயின்ட் கேஜ் என்பார்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளில் டிரில் பிட்டுகளை வகைவகையாகப் பார்த்திருப்பீர்கள். பிட் வாங்குபவர்களில் இந்தத் தகட்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். பிட் மழுங்கியதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குபவருக்கு இது தேவையும் இல்லை. சாணைக்கல்லில் தானே தீட்டிக்கொள்பவருக்குத்தான் இது வேண்டும்.

முதலில் பிட்டின் நுனியைச் சற்று உற்றுப் பார்ப்போம். அது ஊசிபோல ஒற்றைப் புள்ளியில் முடிவதில்லை. இரு பக்கமும் சரிந்து இறங்கும் இரண்டு வெட்டு விளிம்புகள் இருக்கும். இரும்பைச் சீவுபவை இவையே. நடுவில் இரண்டையும் இணைக்கும் குட்டையான குறுக்குக் கோடு ஒன்று இருக்கும். அதை உளி விளிம்பு என்று சொல்லலாம். அது சீவுவதில்லை, இரும்பை நசுக்கி ஒதுக்குகிறது. நாம் பிட்டை அழுத்தும் விசையில் பெரும் பங்கை விழுங்குவது இந்தச் சிறு கோடுதான்.

சாதாரண பிட்டில் இரண்டு வெட்டு விளிம்புகளுக்கும் இடையிலுள்ள கோணம் 118 டிகிரி. பிட்டின் நடு அச்சிலிருந்து அளந்தால் பக்கத்துக்கு 59 டிகிரி. ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? வழக்கமான பிட்டின் சுருள் பள்ளங்கள் இந்தக் கோணத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. 118 டிகிரியில் தீட்டினால் வெட்டு விளிம்பு நேர்கோடாக வரும். கோணத்தை மாற்றினால் அதே விளிம்பு உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ வளைந்துவிடும்.

இனி அந்த அரை மில்லிமீட்டர். சாணை பிடிக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோணங்கள் இரண்டும் சரி. ஆனால் நுனி, பிட்டின் நடு அச்சிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகிவிட்டது. துளை போடும்போது இரும்பில் முதலில் பதிவது நுனி. ஆகவே சுழற்சிக்கு அதுவே மையமாகிவிடுகிறது. அந்த மையத்திலிருந்து நீண்ட பக்கத்தின் வெளி மூலை 5 மில்லிமீட்டரில் இல்லை, 5.25 மில்லிமீட்டரில் இருக்கிறது. அது சுற்றி வரும் வட்டத்தின் விட்டம் 10.5. நுனி எவ்வளவு விலகியதோ அதைப்போல இரு மடங்கு துளை பெரிதாகிறது.

அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. எம்8 போல்ட்டுக்கு உள்மரை வெட்ட 6.8 மில்லிமீட்டர் துளை போடுவது வழக்கம். அந்தத் துளையில் மரைப் பல் அதன் முழு உயரத்தில் ஏறத்தாழ 74 விழுக்காடு உருவாகும். பிட்டின் நுனி வெறும் 0.2 மில்லிமீட்டர் விலகியிருந்தால் துளை 7.2 ஆகிவிடும், பல்லின் உயரம் சுமார் 49 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். போல்ட் ஏறும், முறுக்கினால் பிடிப்பதுபோலவும் இருக்கும். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. சுமை ஏறும் நாளில் மரை உரிந்துகொண்டு வரும். தலைக்கு மேலே தொங்கும் குழாயையோ கைப்பிடிக் கம்பியையோ தாங்கும் போல்ட்டாக அது இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. நுனி நடுவில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் 59 டிகிரி, மறுபக்கம் 55 என்றால், இரண்டு விளிம்புகளும் ஒரே சமயத்தில் இரும்பைத் தொடுவதில்லை. இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்வார். மற்றவர் சும்மா சுற்றி வருவார். உழைக்கும் விளிம்பு விரைவில் சூடேறி மழுங்கும். கையில் பிடிக்கும் இயந்திரமாக இருந்தால் பிட் ஒரு பக்கமாக இழுக்கும். துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில் மாட்டிக்கொண்டு இயந்திரத்தையே திருகும். ஏணியில் நின்று துளை போடும் ஊழியரின் மணிக்கட்டுக்கு அது நல்லதல்ல. துருப்பிடிக்காத எஃகில் நிலைமை இன்னும் மோசம். சீவாமல் வெறுமனே உரசினால் அந்த எஃகின் மேற்பரப்பு இறுகிப்போகும். அப்புறம் புதிய பிட்டைக் கொண்டுவந்தாலும் அதே இடத்தில் இறங்க அடம்பிடிக்கும்.

கேஜ் இவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது இரண்டு கைகள் கொண்ட தகடு. நீண்ட கையைப் பிட்டின் உடலோடு ஒட்டிவைக்க வேண்டும். அதிலிருந்து 121 டிகிரி கோணத்தில் குட்டைக் கை பிரிகிறது. 180இலிருந்து 59ஐக் கழித்தால் 121. பிட்டின் முனையை அந்த மூலையில் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெட்டு விளிம்புக்கும் குட்டைக் கைக்கும் நடுவே ஒளி கசியவில்லை என்றால் கோணம் சரி. நுனிப் பக்கமோ வெளி மூலைப் பக்கமோ ஒளிக்கீற்று தெரிந்தால், எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். தலைமுடியின் தடிமனில் சிறு பகுதி அளவே உள்ள இடைவெளியைக்கூட இப்படிக் கசியும் ஒளியால் கண் பிடித்துவிடும். விலையுயர்ந்த கருவி இல்லாமலே பட்டறைக்காரர்கள் நுட்பமாக வேலை செய்ததன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

குட்டைக் கையில் அளவுக் கோடுகள் இருக்கும். நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, பிட்டை அரைச் சுற்றுத் திருப்பி மறு விளிம்பையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் நுனி நடுவில் இருக்கிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த 10 மில்லிமீட்டர் பிட்டில் இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்திருக்கும். நுனியின் விலகலை கேஜ் இரு மடங்குக்கும் மேலாகப் பெருக்கிக் காட்டுகிறது என்பது இதன் இன்னொரு நன்மை.

கேஜ் கையில் இல்லாதபோது பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளை எடுத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். அறுகோணத்தின் ஒவ்வொரு மூலையும் 120 டிகிரி. இரண்டு மூலைகள் சேர்ந்தால் 240. மீதி 120 டிகிரியில் ஒரு பள்ளம் கிடைக்கும். 118க்கு அது போதுமான நெருக்கம். பக்கத்துக்கு ஒரு டிகிரிதான் வேறுபாடு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் எதற்கு உதவும் என்று காட்ட இதைவிட மலிவான பாடம் கிடைக்காது.

ஆனால் இந்த நட்டு வித்தையை முழுதாக நம்பிவிடக் கூடாது. பள்ளத்தில் வைத்த பிட் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். அப்போது ஒரு விளிம்பு 55 டிகிரியும் மறு விளிம்பு 65 டிகிரியும் இருந்தால்கூட ஒளிக்கீற்று தெரியாது. கூட்டினால் 120 வந்துவிடுகிறதே! நட்டுகள் மொத்தக் கோணத்தைச் சொல்லும், இரு பக்கமும் சமமா என்பதைச் சொல்லாது. கேஜின் நீண்ட கை பிட்டின் உடலைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியாக விசாரிப்பதால்தான் அதற்கு மதிப்பு.

இரண்டு விளிம்புகள் என்ற ஏற்பாடு மிகப் பழையது. குஜராத்தின் கம்பாத்தில் கல்மணிகளுக்குத் துளை போடும் கைவினைஞர்கள், வில்லால் சுழற்றும் துரப்பணத்தின் நுனியில் இரண்டு மிகச்சிறிய வைரத் துண்டுகளைப் பதித்துக்கொள்வது வழக்கம். இன்று நாம் பயன்படுத்தும் சுருள் பிட்டுக்கு 1863ல் அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் பட்டறைகளில் பரவலாக இருந்தது தட்டையான பிட். சுருள் பள்ளம் இரும்புச் சீவலை வெளியே ஏற்றிவிடுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த நன்மை. அதைவிடப் பெரிய நன்மை, பிட்டின் உடல் முழுக்க ஏறக்குறைய ஒரே விட்டம் இருப்பது. முனையை எத்தனை முறை தேய்த்தாலும் பிட் குட்டையாகுமே தவிர மெலியாது. அதாவது, சாணை பிடித்துப் பிடித்துப் பயன்படுத்துவதற்கென்றே பிறந்த கருவி அது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகம் வியந்து பார்த்த அதிவேக எஃகு பிட்டுக்கும் வந்த பிறகு, சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை அது கடினம் இழக்காமல் உழைத்தது.

சிங்கப்பூர் தன் தொழில்துறையைக் கட்டியெழுப்பத் தொடங்கியபோது இத்தகைய கைத்திறனுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சி நிலையங்கள் தொடங்கப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் முடிவெடுத்தது. அதில் முதலில் கைகோத்தது ஓர் இந்திய நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது: 1972ல் டாட்டா. அடுத்து 1973ல் ஜெர்மனியின் ரோலை, 1975ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ். துல்லியக் கருவிகள் செய்யும் தொழிலை அங்கே இளையர்கள் கற்றனர். அந்தத் தொழிலின் பாடம் உலகெங்கும் கணினியில் தொடங்குவதில்லை. அரம், சாணைக்கல், அளவுத் தகடு இவற்றில்தான் தொடங்கும்.

இன்று பெரிய தொழிற்சாலைகளில் சிஎன்சி இயந்திரமே பிட்டைத் தீட்டுகிறது, கேமரா அளக்கிறது. ஆனால் சிறு பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் இன்னமும் கைதான். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்த காலத்தில் பழைய கைக்கருவிகளைத் தேடி அங்கே போனவர்கள் உண்டு. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதுவும் மூடப்பட்டது.

கேஜ் சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன. வெட்டு விளிம்புக்குப் பின்னால் உள்ள பரப்பு சற்றுச் சரிந்து இறங்க வேண்டும். சாதாரண எஃகு வேலைக்கு இது 8 முதல் 12 டிகிரி வரை இருக்கலாம். சரிவு இல்லாவிட்டால் விளிம்புக்கு முன்பே முதுகு இரும்பைத் தொட்டுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் பிட் இறங்காது, புகைதான் வரும். இதற்குப் பிட்டை நேராக நுனிப் பக்கமிருந்து பார்க்க வேண்டும். உளி விளிம்பு, வெட்டு விளிம்புகளுக்குச் செங்குத்தாக நிற்காமல் 120 முதல் 135 டிகிரி வரை சாய்ந்து கிடந்தால் பின்சரிவு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிட் குட்டையாகக் குட்டையாக இன்னொரு மாற்றமும் நடக்கும். அதன் நடுத்தண்டு பிடிப்புப் பக்கம் போகப்போகத் தடிமனாக இருப்பதால், ஒவ்வொரு சாணையிலும் உளி விளிம்பு கொஞ்சம் நீள்கிறது. பாதி நீளம் தேய்ந்த பிட் கோணம் சரியாக இருந்தும் கூடுதல் அழுத்தம் கேட்பது இதனால்தான். அனுபவசாலிகள் சாணைக்கல்லின் ஓரத்தால் நடுப்பகுதியைச் சற்று மெலிதாக்கிவிடுவார்கள். அதை இரு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய கதைதான்.

கடைசிச் சோதனையை இரும்பே நடத்தும். மென்னெஃகுத் துண்டு ஒன்றில் துளை போட்டுப் பாருங்கள். இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே தடிமனில் இரண்டு சுருள்கள் வெளிவந்தால் இரண்டு விளிம்புகளும் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் சுருளும் மறுபக்கம் தூளும் வந்தால் பிட்டைக் கழற்றி மறுபடி கேஜில் வையுங்கள். சாணைக்கல் பக்கம் போகும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் கல் அதைப் பிடித்து இழுத்தால் விரலும் கூடவே போகும்.

135 டிகிரி என்று குறித்து விற்கப்படும் பிட்டுகளுக்கு 118 டிகிரி கேஜ் பொருந்தாது. அவற்றின் நுனி பிளந்து தீட்டப்பட்டிருக்கும், கடினமான எஃகுக்கு ஏற்றவை. கையால் அந்த வடிவத்தைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல. வீவக வீட்டுச் சுவரில் படம் மாட்டத் துளை போடும் பிட்டின் கதையும் வேறு. அதன் நுனியில் கார்பைடு துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கான்கிரீட்டைச் சீவுவதில்லை, அடித்து நொறுக்குகிறது. அதற்கு இந்தத் தகட்டில் வேலை இல்லை.